போன் போனால் போன் மட்டுமே போக வேண்டும்

புதிதாக ஸ்மார்ட்போன் வாங்கியிருக்கிறீர்கள். அதைத் திருட்டிலிருந்தும் பாதுகாப்புக் குறைபாடுகளிலிருந்தும் எப்படிக் காப்பது, ஆன்டிவைரஸ் செயலி ஒன்று போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆன்டிவைரஸ் போதாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தவற்றில் பாதி அந்த ஒரு நாள் கற்றுக்கொடுத்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கார்த்திகை நட்சத்திரத்தன்று அம்மா திருப்பரங்குன்றம் போக மதுரை பெரியார் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினார். ஏறும்போது கடும் நெரிசல். உட்கார இடம் கிடைத்துப் பைக்குள் கையை விட்டால் தேங்காய் இருக்கிறது, பூ இருக்கிறது, போன் இல்லை. பக்கத்தில் இருந்த பெண் தன் போனைக் கொடுத்து, வீட்டுக்குப் பேசுங்கள் என்றிருக்கிறார். அம்மாவுக்கு எங்கள் யாருடைய எண்ணும் மனப்பாடமாகத் தெரியவில்லை. எல்லா எண்களும் தொலைந்த போனுக்குள்தான் இருந்தன. அவர் இறங்கி, வேறு பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை.

உடனே அம்மாவின் எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்தது. அதுதான் எங்களைக் கெடுத்தது. மணி அடிக்கிறதே, யாராவது நல்லவர் கையில் கிடைத்திருக்கும், எடுத்துப் பேசிவிடுவார் என்று திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே இருந்தோம். அண்ணன் பஸ் நிலையத்துக்கு ஓடி, கடை கடையாக விசாரித்துக்கொண்டிருந்தான். ஒன்றரை மணிக்குமேல் போன் அணைந்துவிட்டது. சிம்மை முடக்க வேண்டும், வங்கிக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: நாங்கள் நம்பிக்கையோடு அழைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மணி நேரத்துக்குள் நான்கு முறையாக 38,500 ரூபாய் வெளியே போயிருந்தது.

அம்மாவின் போனில் திரைப்பூட்டு இல்லை. அவசரத்துக்குத் திறக்க வரவில்லை என்று அவர் சொன்னதால் நான்தான் அதை எடுத்துவிட்டேன். யுபிஐ ரகசிய எண் மறந்துபோகிறது என்றார். தொடர்புகள் பட்டியலில் ‘பேங்க்’ என்ற பெயரில் அந்த ஆறு இலக்கங்களைச் சேமித்துக் கொடுத்ததும் நான்தான். பத்து இலக்க எண்களுக்கு நடுவே ஆறு இலக்கத்தில் ஓர் எண் நின்றால் அது என்னவென்று திருடனுக்குச் சொல்லியா தர வேண்டும்? இன்றும் இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்ததும், கடைசியாகப் போன 10,000 ரூபாயை மட்டும் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்திவைத்தார்கள். சில மாதங்கள் கழித்து அது திரும்பி வந்தது. மற்றது போனது போனதுதான். தொலைந்த போனின் விலையோ 9,000 ரூபாய்.

அதனால் போன் என்றாவது ஒரு நாள் கையைவிட்டுப் போகும் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யச் சொல்வேன். பஸ்ஸில் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள், ரயில் வாசலில் நின்று போனை நோண்டாதீர்கள் என்பதெல்லாம் நீங்கள் அறிந்தவை. சென்னையில் பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில் மெதுவாகும் இடங்களில் தண்டவாளத்து ஓரம் நின்று, வாசலில் நிற்பவர் கையைக் கம்பால் தட்டிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே போனைப் பிடிக்கப் பாய்ந்தால் ஆளே விழுந்துவிடும் ஆபத்து இருக்கிறது. போனால் போகட்டும் என்று கையை விடும் துணிவு, உள்ளே இருப்பதைப் பூட்டி வைத்திருப்பவருக்குத்தான் வரும்.

முதல் வேலை திரைப்பூட்டு. நான்கு இலக்கம் வேண்டாம், ஆறு இலக்கமாக வையுங்கள். விரலால் கோலம் போடும் பூட்டை எதிரே நிற்பவர் ஒரே பார்வையில் படித்துவிடுவார். எண்ணெய்ப் பசையுள்ள விரல் என்றால் கண்ணாடியிலேயே தடம் தெரியும். வெளியே இருக்கும்போது கூடுமானவரை கைரேகையால் திறங்கள். அமெரிக்காவில் மது அருந்தும் இடங்களில் ஐபோன்காரர் எண்ணை அழுத்துவதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு, பிறகு போனைப் பறித்து, ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லையே மாற்றிவிடும் கும்பல்கள் இருந்தன. 2023இல் இது பெரிய செய்தியானது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஐஓஎஸ் 17.3 பதிப்பில் திருட்டுப் பாதுகாப்பு வசதி ஒன்றை ஆப்பிள் கொண்டுவந்தது. அதை இயக்கி வைத்திருந்தால், வீடு, அலுவலகம் போன்ற பழகிய இடங்களுக்கு வெளியே முக்கியமான மாற்றங்களுக்கு முகமோ கைரேகையோ கேட்கும். கடவுச்சொல்லை மாற்ற ஒரு மணி நேரம் காக்க வைக்கும். உங்களுடையது ஐபோன் என்றால் அது இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள்.

ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் திருட்டுப் பாதுகாப்பு என்று ஒரு பிரிவு இருக்கும். 2024 இறுதியிலிருந்து ஆண்ட்ராய்டு 10, அதற்குப் பிந்தைய பதிப்புள்ள போன்களில் இது வந்தது. கையிலிருந்து வெடுக்கென்று பறித்துக்கொண்டு ஓடும் அசைவைப் போன் தானே உணர்ந்து திரையைப் பூட்டிக்கொள்ளும். இணைய இணைப்பு நெடுநேரம் இல்லாமல் போனாலும் பூட்டிக்கொள்ளும். இன்னொன்று, வேறொருவர் போனிலிருந்து உங்கள் எண்ணை மட்டும் கொடுத்து உங்கள் போனைப் பூட்டும் வசதி. கடவுச்சொல் நினைவில் இல்லாத பதற்றத்தில் இது பெரிய உதவி. ஆனால் முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். பறித்தவர் முதலில் செய்வது ஃபிளைட் மோடைப் போடுவது. பூட்டிய திரையிலிருந்தே அதைப் போட முடியாதபடி தடுக்கும் தேர்வு ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இருக்கிறது. பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாமல் மறைப்பதையும் அப்படியே செய்துவிடுங்கள். பூட்டைத் திறக்காமலே ஓடிபியைப் படிக்க முடிந்தால் அந்தப் பூட்டு எதற்கு?

இனி சொல்லப்போவதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் போனை எவ்வளவு பலமாகப் பூட்டினாலும் சிம் அட்டையை ஊசியால் வெளியே எடுத்து வேறு போனில் போட்டுவிடலாம். உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் அந்தப் போனுக்குப் போகும். இதற்கு மருந்து சிம்முக்கே வைக்கும் பின் எண். வைத்துவிட்டால் ஒவ்வொரு முறை போனை அணைத்துப் போடும்போதும், வேறு போனில் சிம்மைச் செருகும்போதும் அந்த எண்ணைக் கேட்கும். வைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. சிம்மோடு வந்த தொடக்க எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு மாற்றுங்கள். ஊகித்து அழுத்தாதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அந்தப் பூட்டைத் திறக்கும் பியுகே என்ற எட்டு இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறவிட்டால் சிம் செத்துவிடும், புதிது வாங்க வேண்டியதுதான். உங்கள் போன் இ-சிம்மை ஏற்கும் என்றால் அதற்கு மாறுவதும் நல்லதே. பிடுங்கிப் போட அங்கே அட்டையே இல்லை.

போன் உறைக்குள் ஏடிஎம் கார்டைச் செருகி வைக்கும் பழக்கம் இருந்தால் இதைப் படித்து முடிப்பதற்குள் வெளியே எடுத்துவிடுங்கள். யுபிஐ ரகசிய எண்ணைப் புதிதாக வைக்கக் கேட்பது கார்டின் கடைசி ஆறு இலக்கங்களும் காலாவதி மாதமும் ஓர் ஓடிபியும்தான். சில வங்கிகள் கூடவே ஏடிஎம் பின்னையும் கேட்கும். போனையும் கார்டையும் ஒரே உறையில் வைப்பது பெட்டியின் மேலேயே சாவியைக் கட்டித் தொங்கவிடுவது போன்றது. கேலரியில் இருக்கும் கார்டுப் படமும் அப்படித்தான்.

ஒரு தாளும் வேண்டும். *#06# என்று அழுத்தினால் உங்கள் போனின் அடையாள எண்ணான பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள். அவற்றைத் தாளில் எழுதி, போன் வாங்கிய பில்லோடு வீட்டில் வையுங்கள். கூகுள் கணக்கில் ஓடிபிக்குப் பதிலாகக் கொடுக்கப் பத்து மாற்றுக் குறியீடுகள் எடுத்துக்கொள்ளலாம், அவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். போன் தொலைந்த அன்று வேறு கருவியில் கூகுள் கணக்கைத் திறக்கப் போனால், தொலைந்த போனுக்கே ஓடிபி அனுப்பட்டுமா என்று கேட்டு நம்மை நடுத்தெருவில் நிறுத்தும். வீட்டார் இருவரின் எண்களைச் சிறு சீட்டில் எழுதி அம்மாவின் பர்ஸில் வைத்திருக்கிறோம். அன்று பஸ்ஸில் அந்தச் சீட்டு இருந்திருந்தால் எங்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

தொலைந்துவிட்டால் என்ன வரிசையில் செய்வது? பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கி முதலில் உங்கள் போனைப் பூட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்குமேல் அதில் செலவிட வேண்டாம். அடுத்து சிம்மை முடக்குங்கள். இந்த வரிசைக்குக் காரணம், சிம்மை முடக்கிய பிறகு போனுக்கு இணையம் போய்விடலாம், நீங்கள் அனுப்பும் பூட்டு உத்தரவு அதற்குப் போய்ச் சேராது. வரைபடத்தில் போன் எங்கே நகர்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், தனியாகத் துரத்திக்கொண்டும் போகாதீர்கள். மூன்றாவதாக வங்கி. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வாடிக்கையாளருடையதாகவே இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு. தெரிவிப்பதற்கு முன் போனது மட்டும்தான் நம் தலையில் விழும். நாங்கள் பறிகொடுத்த இரண்டு மணி நேரத்தின் விலை இதுதான். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930.

பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்குங்கள். அந்த நகலும் ஐஎம்இஐ எண்ணும் இருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் இது நடைமுறையில் இருக்கிறது. முடக்கிய போனில் இந்தியாவில் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் வேலை செய்யாது. போட்டுப் பார்த்தால் போலீஸுக்குத் தடம் கிடைக்கும். தளத்தில் பதிய உங்கள் எண்ணுக்கு ஓடிபி வரும், அதற்கு அதே எண்ணில் மாற்று சிம் வாங்கியிருக்க வேண்டும். மாற்று சிம்மில் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது என்பதால் பதறாதீர்கள். சில நாள் கழித்து, உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த இணைப்பில் நுழைந்து பாருங்கள் என்று செய்தி வந்தால் தொடவே தொடாதீர்கள். பூட்டைத் திறக்க முடியாத திருடன் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும் வழி அது.

பாதுகாப்புக் குறைபாடுகளுக்கு வருகிறேன். 2015இல் ஆண்ட்ராய்டில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. படச் செய்தி ஒன்றை அனுப்பினாலே போதும், நீங்கள் அதைத் திறக்காமலே போனுக்குள் நுழையலாம் என்ற நிலை. அதற்குப் பிறகுதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடத் தொடங்கியது. 2019இல் வாட்ஸ்அப்பில் இருந்த ஓட்டை வழியாக, எடுக்காமல் விட்ட ஓர் அழைப்பின் மூலமே பெகாசஸ் உளவு மென்பொருளைப் புகுத்த முடிந்தது. சுமார் 1,400 பேர் இலக்கானார்கள், இந்தியப் பத்திரிகையாளர்களும் செயற்பாட்டாளர்களும் அதில் உண்டு. நம்மைப் போன்றவர்கள் மேல் அவ்வளவு செலவு செய்து யாரும் உளவு பார்க்கப்போவதில்லை. ஆனால் ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வந்த அன்றே அது எங்கே இருக்கிறது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. திருத்தத்தைப் போடாத போன் அன்றிலிருந்துதான் உண்மையான ஆபத்தில் இருக்கிறது. செட்டிங்ஸில் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு மேல் பழையது என்றால், புதுத் திருத்தமும் வரவில்லை என்றால், அந்தப் போனில் வங்கிச் செயலி வைக்காதீர்கள். கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் தருவார்கள் என்றும் கேளுங்கள். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 போன்ற விலையுயர்ந்த போன்களுக்கு ஏழு ஆண்டுகள் அறிவித்தார்கள். மலிவான போன்கள் பலவற்றில் இது குறைவு.

இவற்றையெல்லாம்விட நம் வீடுகளுக்குள் அதிகம் வரும் ஆபத்து, நாமே கதவைத் திறந்து உள்ளே விடுவது. போன ஆவணி முகூர்த்த சமயத்தில் உறவினர் ஒருவரின் எண்ணிலிருந்து அம்மாவின் வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வந்தது. பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தது. அழைப்பிதழ் படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், ஏபிகேவாக வராது. அது ஒரு செயலி. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்துவிட்டால் ஓடிபி எல்லாம் வேறு ஊருக்குப் போகும். அந்த உறவினரின் கணக்கையே யாரோ கைப்பற்றி எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். போக்குவரத்து அபராதம், விவசாயி உதவித்தொகை என்ற பெயர்களிலும் இதே கோப்பு சுற்றுகிறது. தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதியை வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் நிறுத்திவையுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பையும் போடுங்கள்.

ஆன்டிவைரஸ் பற்றி: ஆண்ட்ராய்டிலேயே செயலிகளைச் சோதிக்கும் பிளே புரொடெக்ட் என்ற கூகுள் வசதி இருக்கிறது, அது இயங்கினால் போதும். இலவச ஆன்டிவைரஸ் செயலிகளில் பல, நம்மிடம் அத்தனை அனுமதிகளையும் வாங்கிக்கொண்டு விளம்பரம் காட்டுவதைத் தவிர உருப்படியாக எதுவும் செய்வதில்லை. ரகசிய எண்ணைத் தொடர்புகள் பட்டியலில் எழுதி வைத்தவனை எந்த ஆன்டிவைரஸும் தடுத்திருக்காது.

பழைய போன் வாங்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், பணம் கொடுக்கும் முன் கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அந்த எண் முடக்கப்பட்ட போனுடையதா என்று பதில் வந்துவிடும். இரண்டு ஆண்டுகளாக அம்மாவின் போன் எங்கோ முடங்கிக் கிடக்கிறது. அதை யாரும் காசு கொடுத்து வாங்கிவிடக் கூடாது.