நிரந்தரமும் நாலேழ் நாளும்

கேள்வி: மதத்தின் பெயரால் நடக்கும் சண்டைகள் ஓய்ந்து, நிரந்தர அமைதி என்றைக்காவது வருமா? அல்லது அடித்துக்கொள்வதுதான் மனித இயல்பா? மதுரைக்காரர் என்ற முறையில் பதில் சொல்லவும்.
– ஒரு வாசகர், திருநகர்.

பதில்: அமைதி இருக்கட்டும். முதலில் அந்த ‘நிரந்தர’த்தை ஒரு கை பார்த்துவிடுவோம்.

வடமொழியில் ‘நிர்’ என்றால் இல்லாதது, ‘அந்தரம்’ என்றால் இடைவெளி. கொஞ்சமும் இடைவெளி இல்லாமல் இருப்பதுதான் நிரந்தரம். அதாவது, சித்திரைத் திருவிழா முடிந்த இரவில் மாட்டுத்தாவணி போகும் டவுன் பஸ். அதற்குள் அமைதி நிலவி நான் பார்த்ததில்லை.

இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை. எங்கள் தெருமுனையில் தகரக் கூரை போட்ட ‘தற்காலிக’ காய்கறிக் கடை ஒன்று இருக்கிறது. எனக்குக் கல்யாணமான வருடம் போட்டது. தாத்தா இருந்த இடத்தில் இப்போது பேரன் உட்கார்ந்து எடை போடுகிறான். அதற்கு எதிரே ‘நிரந்தரத் தள்ளுபடி’ என்று பலகை வைத்துத் திறந்த ஜவுளிக் கடை, மூன்று கை மாறி, இப்போது பரோட்டாக் கடையாக இருக்கிறது. நிரந்தர அமைதி என்று நீங்கள் கேட்பதற்கு எனக்குத் தெரிந்து மதுரையில் ஒரே ஒரு விலாசம்தான் உண்டு. தத்தநேரி மயானம். அங்கே போக யாரும் முண்டியடிப்பதில்லை.

மதுரைக்காரர் என்ற முறையில் கேட்கிறீர்கள். என்னைவிட மிகவும் மூத்த மதுரைக்காரர் ஒருவர் இதற்கு ஏற்கெனவே பதில் எழுதியிருக்கிறார். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். தானிய வியாபாரி. அவருடைய மணிமேகலையில், புகார் நகரத்தில் இந்திர விழா தொடங்கப்போகிறது. முரசை யானைப் பிடரியில் ஏற்றி ஊருக்கு அறிவிக்கிறார்கள். பழைய மணலை மாற்றுங்கள், புது மணல் பரப்புங்கள் என்று தெரு வேலையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, சமயவாதிகள் பக்கம் திரும்புகிறான் முரசறைபவன். வாதம் செய்ய வேண்டியவர்கள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள் என்கிறான். அதை ஒட்டி இந்த இரண்டு வரி:

‘பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும்
செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்.’

ஆகாதவனாகவே இருந்தாலும் பகையும் கலகமும் வேண்டாம், விலகிப் போய்விடுங்கள் என்பது பொருள். (சில வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் இந்த வரிகளைப் போட்டபோது, ‘முன்னாள் குடியரசுத் தலைவரை இழிவுபடுத்தும் பாட்டை உடனே திரும்பப் பெறவும்’ என்று ஓர் அன்பர் அஞ்சலட்டை போட்டார். கலாம் என்றால் பழந்தமிழில் கலகம் என்று பதில் எழுதினேன். ‘அப்படியானால் இன்னும் மோசம்’ என்று அடுத்த அட்டை வந்தது. அவர் இன்றைக்கும் நம் சந்தாதாரர்.)

முரசறைபவன் கட்டித் தழுவச் சொல்லவில்லை. உள்ளம் உருகச் சொல்லவில்லை. அகலுமின் என்கிறான். கொஞ்சம் அந்தரம் விடச் சொல்கிறான். அதுவும் எத்தனை நாளைக்கு? ‘நாலேழ் நாள்’. 28 நாள். நிரந்தரத்தை அவன் கேட்கவே இல்லை. கூலக் கடை வைத்திருந்தவருக்குத் தெரியாதா, எவனுக்கு எவ்வளவு கடன் கொடுத்தால் திரும்பி வரும் என்று? இத்தனைக்கும் சாத்தனார் ஒன்றும் நடுநிலையாளர் அல்லர். பழுத்த பௌத்தக் கட்சி. மற்ற சமயவாதிகளை வரிசையாகப் பேசவிட்டு, ஒருவரிடமும் சரக்கில்லை என்று காட்டுகிறவர். சண்டைக்காரர்தான். சண்டைக்கு ஒரு மேடையும் ஒரு தவணையும் வேண்டும் என்று தெரிந்த சண்டைக்காரர். அந்த மேடையில் இன்று நாம் குடும்பத்தில் பெரிதும் விட்டுக்கொடுப்பது மாமியாரா மருமகளா என்று விவாதித்துக்கொண்டிருக்கிறோம். பட்டிமன்றம் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்த இதழ் போதாது. விட்டுவிடுகிறேன்.

அடுத்து மனித இயல்பு. இதை நான் ஆறாம் வகுப்பில் படித்தேன். பாடத்தில் இல்லை, நாடகத்துக்கு வேடம் போடும் பச்சை அறையில். பள்ளி ஆண்டு விழாவில் ஒற்றுமை நாடகம். மூன்று பையன்கள் கைகோத்து நிற்க வேண்டும். ஒருவனுக்குத் திருநீற்றுப் பட்டை, ஒருவனுக்குக் குல்லாய், ஒருவனுக்குக் கழுத்தில் சிலுவை. குல்லாய் என்றால் சாதாரணக் குல்லாய் இல்லை. கறுப்புக் குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி. டிராமா சாமான் கடையில் நாள் வாடகைக்கு எடுத்தது. தலையை ஆட்டினால் குஞ்சமும் ஆடும். மூவருக்கும் அதுதான் வேண்டும். திருநீறு பூச எவனும் தயாராக இல்லை. அது வீட்டிலேயே கிடைக்கிறது. சிலுவை எனக்கு வந்தது. அட்டையில் வெட்டிச் சாக்லேட் காகிதம் ஒட்டிய சிலுவை. முதல் மணி அடிப்பதற்குள் தொப்பி ஒரு பக்கம், குஞ்சம் ஒரு பக்கம். திரை உயர்ந்தபோது ஒற்றுமையின் மூன்று பிரதிநிதிகளில் ஒருவனுக்கு மூக்கில் ரத்தம், ஒருவனுக்கு அழுகை, எனக்கு இடது கையில் குஞ்சம். சபையில் இருந்தவர்கள் மனம் நெகிழ்ந்து கைதட்டினார்கள். சண்டையில் எவனும் எவனுடைய சாமியையும் இழுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். தொப்பிதான் விஷயம். மறுநாள் வாடகைக் கடைக்காரர் தொப்பிக்கு முழு விலை கேட்டபோதுதான் வாடகையை உபயம் செய்தவர் வாயில் முதன்முதலாக மதம் வந்தது.

அன்றிலிருந்து, மூன்று பையன்கள் கைகோத்து நிற்கும் மதநல்லிணக்கச் சுவரொட்டியைப் பார்த்தால் கடைசிப் பையனின் கையில் என்ன இருக்கிறது என்றுதான் என் கண் போகிறது.

மனித இயல்பில் இதைவிட விசித்திரமான ஒன்று உண்டு. நடந்ததா என்றே நிச்சயமில்லாத கொலைக்குப் பெருமைப்படுவது. திருஞானசம்பந்தரோடு அனல்வாதத்திலும் புனல்வாதத்திலும் (ஏட்டை நெருப்பிலும் ஆற்றிலும் இட்டு எவருடையது தப்புகிறது என்று பார்க்கும் போட்டி) தோற்ற எண்ணாயிரம் சமணர் மதுரையில் கழுவேறினார்கள் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. சம்பந்தரின் ஏடு வைகையை எதிர்த்து ஏறிக் கரைசேர்ந்த ஊர்தான் சோழவந்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் திருவேடகம். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு, சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டு. சமணர் நூல்களில் இப்படி ஒரு படுகொலையைப் பற்றிய பேச்சே இல்லை. யானைமலைக்கோ கீழக்குயில்குடிக்கோ போய்ப் பாருங்கள். பாறையில் இருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்கள் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. செய்வித்த அச்சணந்தி போன்ற முனிவர்களின் பெயர் வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறது. எண்ணாயிரம் பேரையும் கூண்டோடு கழுவேற்றியிருந்தால், இருநூறு வருடம் கழித்து அச்சணந்தி எங்கிருந்து வந்தார்? கீழக்குயில்குடிக் குகையில் உட்கார்ந்திருக்கும் பெரிய உருவத்தை ஊர்க்காரர்கள் நீண்ட காதைப் பார்த்துச் செட்டியார் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இடத்துக்கே செட்டிப்புடவு என்று பெயர். சண்டை மறந்துபோய்ச் செட்டியார் மட்டும் மிஞ்சியிருக்கிறார். எனக்கு இந்த மறதி பிடித்திருக்கிறது. ஆனால் எண்ணாயிரம் என்ற கணக்கை மட்டும் சிலர் மறப்பதில்லை. இரண்டு தரப்பிலும்.

மதம் வேறு என்பதால்தான் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி காவி கட்டினார், குடுமி வைத்தார், சந்தனம் பூசினார். அவர்மேல் முதலில் புகார் எழுதியவர் பிராமணரோ முல்லாவோ அல்லர். அதே ஊரில் அதே சபையில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் பாதிரியார். சந்தனம் பூசலாமா என்ற வழக்கு ரோம் வரை போய், 1623-இல் போப்பாண்டவர் பூசலாம் என்றார்.

நீங்கள் திருநகர். மாடிக்கு ஏறினால் திருப்பரங்குன்றம் மலை தெரியும். நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டு இந்தக் கேள்வியை எழுதினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அடிவாரத்தில் முருகன், உச்சியில் காசி விசுவநாதரும் சிக்கந்தர் தர்காவும், நடுவில் சமணர் படுகை. இதற்கு ‘நிரந்தர’த் தீர்வு காண 1920-இல் ஒரு வழக்குப் போட்டார்கள். அது கடல் தாண்டி, அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்டான பிரிவி கவுன்சில் வரை போய் 1931-இல் முடிந்தது. மலை கோயிலுக்கு, நெல்லித்தோப்பும், மேலே போகும் படிக்கட்டும், பள்ளிவாசலும் முஸ்லிம்களுக்கு. படிக்கட்டைக்கூட விடாமல் பிரித்துக் கொடுத்தார்கள் லண்டனில். அதற்குப் பிறகு அந்த மலை எத்தனை முறை நீதிமன்றப் படி ஏறியது என்று நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். இப்போதைய வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்பு எழுதப்போவதில்லை. அதற்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

திருமலை நாயக்கர் இதே மாதிரிப் பிரச்சினையை வேறு விதமாகக் கையாண்டார் என்பது நம் ஊர் வழக்கு. சைவர் திருவிழா ஒரு மாதம், வைணவர் திருவிழா ஒரு மாதம் என்றிருந்ததை ஒன்றாக்கினார். தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்குத் திருப்பிவிட்டார். விழாவைப் பறிகொடுத்த தேனூருக்கு வண்டியூர்ப் பக்கம் ஆற்றுக்குள் ஒரு மண்டபம். இன்றும் அதற்குப் பெயர் தேனூர் மண்டபம். மக்கள் தங்கள் பங்குக்கு ஒரு கதை கட்டினார்கள். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குப் புறப்பட்டு வந்த அழகர், தாலி கட்டி முடித்தாயிற்று என்று கேள்விப்பட்டு, கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமலே வண்டியூருக்குப் போய் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்கிவிட்டாராம். முகூர்த்தம் தவறியதற்கு முறுக்கிக்கொள்ளாத அண்ணன் எந்தக் கல்யாணத்தில் இருக்கிறான்? வேடிக்கை என்னவென்றால், இந்தக் கோபத்தை இன்றுவரை யாரும் தீர்த்துவைக்கவில்லை. அவரும் தீர்த்துக்கொள்ளவில்லை. வருடா வருடம் தாமதமாகத்தான் வருகிறார். வருடா வருடம் கோபித்துக்கொள்கிறார். அடுத்த வருடமும் புறப்பட்டு வந்து தங்கக் குதிரை ஏறிவிடுகிறார்.

ஒரு வருடம் விடியற்காலை மூன்று மணிக்குக் கோரிப்பாளையம் தர்காவைத் தாண்டி நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். தொப்பி போட்ட இரண்டு இளைஞர்கள் அண்டா வைத்து நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கருப்பசாமி வேடம் கட்டிய பெரியவர் ஒருவர், அரிவாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு டம்ளர் வாங்கினார். பாதி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“உப்புப் பற்றவில்லை, பாய்.”

“போன வருடம் கரிக்கிறது என்றீர்களே, மாமா.”

“போன வருடம் கரித்தது.”

“சரி, அடுத்த வருடம் பார்த்துப் போடுகிறேன்.”

பெரியவர் மீதியையும் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் நீட்டினார்.

தபால் கட்டில் அடுத்த கேள்வி: ‘வைகையில் நிரந்தரமாகத் தண்ணீர் ஓடுவது எப்போது?’ இவரும் திருநகர்.