பி.காம். சேரும் மகளுக்கு டேப்லெட் வாங்குவதா, லேப்டாப் வாங்குவதா?

உங்கள் மகள் சென்னையில் பி.காம். சேர்கிறாள், கூடவே சி.ஏ. எழுதும் எண்ணமும் இருக்கிறது, கையில் 35 ஆயிரம் இருக்கிறது என்கிறீர்கள். அவள் கேட்பது பேனாவோடு வரும் 11 அங்குல டேப்லெட். கீபோர்டு கவர் போட்டால் அதுவும் லேப்டாப்தானே என்பது அவள் வாதம்.

லேப்டாப்பே வாங்குங்கள். அதிலும் புதியது வேண்டாம், நல்ல பழையதாகப் பாருங்கள்.

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவன், கணக்குப் படிப்பை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். படம் வரையும் பிள்ளை என்றால் டேப்லெட்டையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

டேப்லெட்டுக்குச் சக்தி போதாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2020ல் மேக்புக் ஏரில் வந்த எம்1 சிப்தான் 2021ல் ஐபேட் புரோவிலும் வந்தது. சக்திக்குக் குறைவில்லை. ஆனால் கணக்கு உலகத்தில் புழங்கும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்காக எழுதியது. கணக்கு எழுதும் மென்பொருளான டேலி விண்டோஸில் ஓடுவது. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) ரிட்டர்ன் தயார் செய்யும் ஆர்.பி.யு., அதைச் சரிபார்க்கும் எஃப்.வி.யு. இரண்டுக்கும் கம்ப்யூட்டரில் ஜாவா வேண்டும். டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கனுக்கு டிரைவர் போட வேண்டும், கையெழுத்துப் போட உதவும் எம்சைனர் மென்பொருள் ஓட வேண்டும். டேப்லெட்டில் இவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது? (இதே காரணத்துக்காக மேக்புக்கும் வேண்டாம். யாராவது பரிசாகக் கொடுத்தால் சரி.)

எங்கள் ஆபீஸுக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் டேப்லெட்டும் கீபோர்டு கவருமாகத்தான் வந்தாள். படிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சி.ஏ. படிப்பை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. இலவசமாகத் தரும் பாடப் புத்தகங்களை எல்லாம் அதில் இறக்கி, பேனாவால் கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதி அழகாக வைத்திருந்தாள். அப்புறம் ஜிஎஸ்டிஆர்-9 என்ற ஜி.எஸ்.டி. ஆண்டு ரிட்டர்ன் வேலை வந்தது. அதற்கு ஜி.எஸ்.டி. தளமே ஒரு எக்செல் கோப்பு தருகிறது, மேக்ரோவோடு (கோப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன புரோகிராம்). எண்களை நிரப்பி, மேலே இருக்கும் ‘வேலிடேட் ஷீட்’ பட்டனை அழுத்தினால்தான் தவறு எங்கே என்று காட்டும், கடைசியில் அப்லோடு செய்ய ஜேசன் கோப்பும் எடுத்துத் தரும். டேப்லெட் எக்செல்லில் கோப்பு திறந்தது, எண்களும் ஏறின. பட்டனை எத்தனை தரம் தொட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை. டேப்லெட் எக்செல்லில் மேக்ரோ ஓடாது, அவ்வளவுதான் விஷயம். அவள் எழுந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் எப்போது காலியாகும் என்று கேட்டுக்கொண்டு நின்றாள். கிளையண்ட் பென் டிரைவில் டேலி பேக்கப் கொண்டுவந்து தரும் நாளிலும் இதே கதைதான்.

கல்லூரியில் அந்த அளவுக்கு வேலை வராதே என்று நினைக்கலாம். டேலி வரும், எக்செல்லும் வரும். டேலி பழக காசும் வேண்டாம். எஜுகேஷனல் மோடில் இலவசமாகவே போட்டுப் பார்க்கலாம். என்ன, மாதத்தில் 1, 2, 31 தேதியிட்ட என்ட்ரிகளை மட்டும்தான் போட விடும். பழகுகிறவளுக்கு அது தாராளம். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசிப்ட், எஃப்7 ஜர்னல் என்று விரல் தானாகப் போக வேண்டும். பல கீபோர்டு கவர்களில் அந்த எஃப் வரிசையே கிடையாது.

இன்னொன்றை டேப்லெட் விற்பவர் சொல்ல மாட்டார். மைக்ரோசாஃப்டின் எக்செல், வேர்ட் ஆப்களில் இலவசமாகத் திருத்தும் வசதி 10.1 அங்குலம் வரையுள்ள திரைகளுக்குத்தான். உங்கள் மகள் கேட்கும் 11 அங்குலத்துக்குச் சந்தா கட்ட வேண்டும். டேப்லெட், பேனா, கவர், சந்தா என்று கூட்டிப் பாருங்கள்.

சரி, லேப்டாப்பில் ஏன் பழையது? குறைந்த விலைப் புது லேப்டாப்புகள் பலவற்றில் செலரான் சிப், 4 ஜிபி ரேம், போர்டோடு ஒட்டிய இஎம்எம்சி சேமிப்பு என்று இருக்கும். பின்னால் எதையும் மாற்ற முடியாது, டேலியும் எக்செல்லும் குரோமும் ஒன்றாகத் திறந்தால் மூச்சு வாங்கும். கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த லெனோவா திங்க்பேட், டெல் லாட்டிட்யூட் ரகங்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் கிடைக்கும். விலை கடைக்குக் கடை மாறும், ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்குள் நல்லதாகவே அமையும். அடி தாங்கும், ரேமும் எஸ்எஸ்டியும் பல மாடல்களில் மாற்றலாம்.

போகும்போது இதைக் கவனியுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டும். அதனால் ஆறு, ஏழாம் தலைமுறை மெஷின்களைக் கடைக்காரர்கள் மலிவாகத் தள்ளிவிடுவார்கள். ‘ஐ5 சார், சூப்பரா ஓடும்’ என்பார்கள். ஐ5 என்பதோடு விட்டுவிடாமல் அதற்கடுத்த எண்ணைப் பாருங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 7200 என்றால் ஏழு. பேட்டரிக்கு, கமாண்ட் பிராம்ப்டில் ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையால் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டும் வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி போட்டுக் கேளுங்கள். பயோஸில் (மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை செட்டிங்) பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு இல்லையென்று பார்த்துவிடுங்கள். பில்லும், எழுத்தில் வாரண்டியும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

திரை 14 அங்குலமா 15.6ஆ என்றால், கணக்குக்கு 15.6 என்பேன். பெரும்பாலும் வலப்பக்கம் நம்பர் பேட் இருக்கும். கல்லூரிக்குத் தினம் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறவள் என்றால் 14 வாங்கி, சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி நம்பர் பேட் தனியாக வாங்கிவிடலாம்.

பாடம் படிக்கவும் வீடியோ வகுப்பு பார்க்கவும் டேப்லெட் நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். முதல் வருடம் அதற்குக் கையில் இருக்கும் போனும் இந்த லேப்டாப்புமே போதும். சி.ஏ. உண்மையாகவே ஆரம்பித்து, பாடப் புத்தகங்கள் குவிந்தால், அப்போது மலிவான ஒரு டேப்லெட் சேர்த்துக்கொள்ளலாம்.

எக்செல் மட்டும் உடனே காசு கொடுத்து வாங்கிவிடாதீர்கள். சில கல்லூரிகள் மாணவர் மின்னஞ்சலோடு மைக்ரோசாஃப்ட் 365ஐயும் தருகின்றன. சேர்க்கை முடிந்ததும் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.