கேளுங்கள்: கொலை வழக்கும் கைப்பேசிச் சாட்சியமும்

கொலைச் செய்தி வெளியான அன்றே வாட்ஸ்அப் குழுக்களில் டவர் கணக்கும் டிக் கணக்கும் ஆரம்பமாகிவிடுகின்றன. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியவைதான்.

கேள்வி: ஒரு வழக்கில், கொலை நடந்த நேரத்தில் சந்தேக நபரின் போன் ஒத்தக்கடை டவரில் இருந்ததாகச் செய்தி வந்தது. நாங்கள் சிலர் மேப்பில் வட்டம் போட்டுப் பார்த்தோம். சம்பவ இடம் அந்த வட்டத்துக்குள் வருகிறது. அவர் அங்கேதான் இருந்தார் என்று முடிவு கட்டலாமா? (வாசகர், மேலூர்)

முடியாது. முதலில் வட்டமே தப்பு. ஒரு டவரில் வழக்கமாக மூன்று பக்கம் ஆன்டெனா இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 120 டிகிரி பரப்பைப் பார்க்கும். இதைத்தான் 'செக்டர்' என்கிறார்கள். அழைப்புப் பதிவான சி.டி.ஆரில் வருவது அந்த செக்டரின் எண். ஆகவே கிடைப்பது விசிறி வடிவத்தில் ஒரு பரப்புதான், அதற்கும் கூர்மையான எல்லை கிடையாது. மதுரை நகருக்குள் அது சில நூறு மீட்டராக இருக்கலாம். உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் பல கிலோமீட்டர் போகும். பழைய 2ஜி முறையில் ஒரு டவர் அதிகபட்சம் 35 கிலோமீட்டர் வரை எட்டும்.

இரண்டாவது, போன் பக்கத்து டவரைத்தான் பிடிக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தெளிவாகக் கிடைக்கிற சிக்னலைப் பிடிக்கும். அங்கே நெரிசல் என்றால் அடுத்ததற்குத் தள்ளப்படும். ஒத்தக்கடையில் யானைமலை குறுக்கே படுத்திருக்கிறது. மலைக்கு ஒரு பக்கம் நிற்பவருக்கு மறுபக்கத்து டவர் கிட்டத்தில் இருந்தும் எட்டாமல் போகும், தூரத்து டவர் நேராகக் கிடைக்கும். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகைக் கரையில் நின்று பேசியவரின் அழைப்பு, ஆற்றுக்குச் சம்பந்தமே இல்லாத ஏரியா டவரில் பதிவாகியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, பதிவில் முதல் செல், கடைசி செல் என இரண்டு கட்டங்கள் இருக்கும். அழைப்பு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் அவை. வண்டியில் போய்க்கொண்டே பேசினால் இரண்டும் வேறாக இருக்கும். செய்திகளில் ஒன்று மட்டும்தான் வரும். உள்ளே வந்த அழைப்பா, வெளியே போனதா என்பதும் முக்கியம். அமெரிக்காவின் பால்டிமோரில் 1999-ல் நடந்த ஒரு கொலை வழக்கில், போன் நிறுவனம் அனுப்பிய ஃபேக்ஸின் முகப்புத் தாளிலேயே, வெளியே போன அழைப்புகள் மட்டுமே இடம் சொல்ல நம்பகமானவை, உள்ளே வந்தவை அல்ல என்று அச்சிட்டிருந்தது. விசாரணையில் யாரும் அதை எழுப்பவில்லை. பல வருடம் கழித்து, வெளியிலிருந்து ஆவணங்களைப் பக்கம் பக்கமாகப் படித்த ஒரு வழக்கறிஞர்தான் கண்டுபிடித்தார். 2016-ல் ஒரு நீதிபதி அதைக் காரணம் காட்டி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். மேல்நீதிமன்றங்களில் அந்தக் காரணம் நிற்கவில்லை என்பது வேறு விஷயம். வெளியாட்கள் ஒரு வழக்குக்கு உருப்படியாக உதவ முடியும் என்றால் அது இப்படித்தான்: ஆவணத்தை முழுக்கப் படிப்பது. மேப்பில் வட்டம் போடுவது அதில் சேராது.

சி.டி.ஆர். பலமாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. "அன்றைக்கு நான் கோயம்புத்தூரில் இருந்தேன்" என்று ஒருவர் சொல்லி, போன் ஒத்தக்கடையில் பேசியிருந்தால் அந்தப் பேச்சு அடிபடும். அப்போதும் போன் அங்கே இருந்தது என்றுதான் அர்த்தம். யார் கையில் இருந்தது, சிம் யார் பெயரில் வாங்கியது, அந்தக் குரல் யாருடையது என்பதையெல்லாம் வேறு சாட்சியங்களால் நிரூபிக்க வேண்டும்.

கேள்வி: குற்றப்பத்திரிகை நகல் ஒன்று குழுவில் சுற்றியது. இறந்தவர் இரவு 9.40-க்குக் கடைசியாக மெசேஜ் அனுப்பினார் என்கிறார்கள் வீட்டார். போன் ஆய்வு அறிக்கையில் 16:10 என்று இருக்கிறது. போலீஸ் திருத்திவிட்டதா? (வாசகி, திருமங்கலம்)

16:10-உடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். 21:40 வருகிறது. வீட்டார் சொன்ன 9.40 அதுதான். போனுக்குள் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் சேமிக்கப்படுகிறது, அறிக்கை எடுக்கும் மென்பொருளில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அப்படியே அச்சாகும். எந்த அறிக்கையைப் படித்தாலும் முதல் பக்கத்தில் நேர மண்டலம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சில அறிக்கைகளில் ஒரு அட்டவணை யு.டி.சி.யிலும் அடுத்தது உள்ளூர் நேரத்திலும் இருக்கும். சி.டி.ஆர். இந்திய நேரத்திலேயே வரும். இரண்டையும் அப்படியே ஒட்டிவைத்தால் செத்தவர் பேசுவார், பேசியவர் செத்திருப்பார்.

இதைவிடச் சிக்கலானது, அந்த நேரம் எதன் நேரம் என்பது. 2022 ஜனவரி 29 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்டன் என்ற ஊரில் ஜான் ஓகீஃப் என்ற போலீஸ்காரர் பனியில் விழுந்து கிடந்தார். காலை ஆறு மணிவாக்கில்தான் கண்டெடுத்தார்கள். காரால் மோதிக் கொன்றதாக அவருடைய காதலி கேரன் ரீட் மீது வழக்கு. சாட்சி ஒருவரின் ஐபோனில், குளிரில் சாக எவ்வளவு நேரமாகும் என்ற தேடல் அதிகாலை 2.27 என்ற நேரத்தோடு இருந்தது. உடல் கிடைப்பதற்கு மூன்றரை மணி நேரம் முன்பே ஒருவர் எப்படித் தேடுவார்? இணையத்தில் இதை வைத்து வருடக்கணக்காகச் சண்டை நடந்தது.

அரசுத் தரப்பு நிபுணர்கள் சொன்ன விளக்கம் இது. சஃபாரி உலாவியில் 2.27-க்கு வேறு எதற்காகவோ ஒரு டேப் திறந்திருந்தது. காலை 6.24 வாக்கில் அதே டேபில் இந்தத் தேடல் நடந்தது. டேப் விவரம் சேமிக்கப்பட்ட வரியில் முகவரி புதியதாக மாறியது. பக்கத்தில் இருந்த நேரம் டேபுக்கு உரியது. எதிர்த்தரப்பு நிபுணர் இதை ஒப்புக்கொள்ளவில்லை, 2.27-தான் என்று நின்றார். 2025 ஜூனில் நடுவர் குழு கேரன் ரீடைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது, குடித்துவிட்டு ஓட்டியதற்கு மட்டும் குற்றவாளி என்றது. தீர்ப்பு எப்படிப் போனாலும், அறிக்கையில் ஒரு நேரத்தைப் பார்த்தால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தக் கோப்பு, எந்த அட்டவணை, அதில் எந்த நெடுவரிசை, அந்த நெடுவரிசையை ஆப் எப்போது எழுதுகிறது? அதே மாடல், அதே பதிப்பு போனில் செய்து பார்த்துச் சொல்பவர் பேச்சை நம்புங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்பு வட்டம் போடுபவர் பேச்சை ஒதுக்குங்கள்.

கேள்வி: கைப்பற்றிய போனின் ஐ.எம்.இ.ஐ. (போனின் 15 இலக்க அடையாள எண்) வேறு, சி.டி.ஆரில் உள்ளது வேறு. கடைசி எண் மாறுகிறது. போனை மாற்றிவிட்டார்களா? (கல்லூரி மாணவர், உசிலம்பட்டி)

கடைசி எண் மட்டும் மாறினால் அதே போன்தான். 15 இலக்கத்தில் முதல் 14 தான் போனின் அடையாளம்; 15-வது, அவற்றைக் கணக்குப் போட்டு வருகிற சரிபார்ப்பு எண். நெட்வொர்க் பதிவில் அந்த இடத்தில் பெரும்பாலும் பூஜ்யம் இருக்கும். உங்கள் போனில் *#06# அடித்துப் பாருங்கள், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும். அதையும் இரண்டு போன் என்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: இறந்தவருக்கு அனுப்பிய மெசேஜில் மறுநாள் இரண்டு டிக் விழுந்திருக்கிறது. அப்படியானால் யாரோ அவர் போனை இயக்கியிருக்கிறார்கள்தானே? (வாசகர், அண்ணா நகர், மதுரை)

இரண்டு சாம்பல் டிக் என்றால் அவர் கணக்கோடு இணைந்த ஏதோ ஒரு கருவிக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் அர்த்தம். அது அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தே கிடந்த வாட்ஸ்அப் வெப்பாகவும் இருக்கலாம். ஒரு கணக்கோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். போன் சிக்னல் இல்லாத இடத்தில் கிடந்து, மறுநாள் யாராவது எடுத்து வந்தபோது நெட் கிடைத்திருந்தாலும் தேங்கிய மெசேஜ் எல்லாம் ஒரே மூச்சில் இறங்கும். சேராத மெசேஜை 30 நாள் வரை சர்வர் வைத்திருக்கும்.

நீல டிக்கை அணைத்து வைக்கலாம். ஆனால் குழுவிலும் குரல் பதிவிலும் அணைக்க முடியாது. குழுவில் எல்லோருக்கும் சேர்ந்த பிறகுதான் இரண்டாவது டிக் விழும். 'ஸ்விட்ச் ஆஃப்' என்று வரும் அறிவிப்பை வைத்தும் கதை கட்டாதீர்கள். சிக்னல் இல்லாத போனுக்கும் அதே அறிவிப்பு வரலாம். வாட்ஸ்அப் கால் சி.டி.ஆரில் வராது. டேட்டா பதிவான ஐ.பி.டி.ஆரில் இணையத் தொடர்பாக மட்டுமே தெரியும்.

கேள்வி: போனில் இருக்கும் ஹெல்த் ஆப், படி ஏறியதைக்கூடக் காட்டுமாமே? (வாசகி, சோழவந்தான்)

காட்டும். ஐபோன், காற்றழுத்த மாற்றத்தையும் நடையையும் சேர்த்து, சுமார் 3 மீட்டர் உயர்வை ஒரு மாடி என்று கணக்கிடுகிறது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் 2016-ல் நடந்த ஒரு கொலையில், குற்றம் சாட்டப்பட்டவரின் போன் அன்று படி ஏறியதாகப் பதிவு செய்திருந்தது. உடலை ஆற்றங்கரைச் சரிவில் இறக்கிவிட்டு மேலே ஏறியது அது என்பது போலீஸ் தரப்பு. சொன்னதோடு விடவில்லை: ஒத்த உடல்வாகு உள்ள ஒரு அதிகாரி போனோடு அதே சரிவில் இறங்கி ஏறினார், அதே மாதிரி பதிவு வந்தது. அந்தச் சோதனை இல்லாமல் மாடிக் கணக்குக்கு மதிப்புக் குறைவு. கான்டன் வழக்கிலும் மாடிக் கணக்கு வந்தது. அங்கே அரசுத் தரப்பு, மேடான சாலையில் கார் போனதால் வந்தது என்றது.

கேள்வி: எங்கள் கடை கேமராவில் சம்பவ நேரத்தில் ஒரு பைக் போவது இருக்கிறது. போனில் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டேன். வேறு என்ன செய்ய வேண்டும்? (மளிகைக் கடைக்காரர், வாடிப்பட்டி)

குழுவில் போட்டதை முதலில் எடுத்துவிடுங்கள். பைக்காரர் பால் வாங்கப் போனவராக இருக்கலாம். அவர் படம் பத்துக் குழுவுக்குப் போன பிறகு அவர் வீட்டு வாசலில் நிற்கிற கூட்டத்துக்கு யார் பதில் சொல்வது?

அடுத்தது, கேமரா பதிவுகளைச் சேமிக்கும் பெட்டியான டி.வி.ஆர். அதன் டிஸ்க் நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும். ஒரு வாரத்திலும் போகலாம், ஒரு மாதத்திலும் போகலாம். அதனால் இன்றே விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் சொல்லுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் டி.வி.ஆர். திரையில் நேரம் ஓடும்போது பக்கத்தில் உங்கள் போனின் நேரத்தையும் வைத்து, இரண்டும் தெரிய ஒரே படமாக எடுங்கள். டி.வி.ஆர். கடிகாரங்கள் பல நிமிடம் முன்பின் ஓடும். உங்களுடையது 12 நிமிடம் முந்தி ஓடினால், 9.52 என்று காட்டும் பைக் 9.40-க்குப் போனது. கடிகாரத்தைச் சரிசெய்துவிடாதீர்கள், சரிசெய்தால் அந்த வித்தியாசத்துக்கான ஆதாரமே போய்விடும்.

திரையைப் போனில் பிடித்தது சாட்சியத்துக்கு மிகப் பலவீனம். டி.வி.ஆரின் 'எக்ஸ்போர்ட்' வழியாகப் பென்டிரைவில் எடுங்கள், அதோடு வருகிற பிளேயர் மென்பொருளையும் சேர்த்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கும். தவிர்க்க முடியாவிட்டால் 'டாகுமென்ட்' ஆக அனுப்புங்கள். IMG-20250614-WA0007 போன்ற கோப்புப் பெயரில் உள்ள தேதி வாட்ஸ்அப்பில் வந்த அல்லது போன தேதி, படம் எடுத்த தேதி அல்ல. இதைக் காட்டி "14-ஆம் தேதி எடுத்த படம்" என்று வாதாடுவதை நிறையப் பார்க்கலாம்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு நடைமுறையில் இருக்கிறது (முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி). நகலாகக் கொடுத்தால் சான்றிதழ் வேண்டும்: ஒரு பகுதியைக் கருவியை வைத்திருப்பவர், இன்னொரு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பும் அதில் வரும். எஸ்.எச்.ஏ.256 என்ற முறையில் கணக்கிட்டால் அது 64 எழுத்து. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் முழுக்க மாறிவிடும். சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2014-லும் 2020-லும் சொல்லியிருக்கிறது. டி.வி.ஆரையே ஒப்படைத்து, உரிமையாளரே சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்றும் 2020 தீர்ப்பு சொல்கிறது.

கேள்வி: பணம் கொடுத்தால் ஒருவரின் சி.டி.ஆர். எடுத்துத் தருகிறார்களாம். உண்மையா? (வாசகர், ஆரப்பாளையம்)

வாங்காதீர்கள், விற்பவரோடு வாங்குபவரும் வழக்கில் மாட்டுவார். எஸ்.பி. அல்லது அதற்கு மேல் அந்தஸ்துள்ள அதிகாரி வழியாகப் போலீஸ் பெறலாம். குற்றம் சாட்டப்பட்ட தரப்பு நீதிமன்றத்தில் மனு போட்டு வரவழைக்கக் கேட்கலாம். நிறுவனங்கள் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பர் முதல் உரிம விதி. அதற்குப் பிறகு கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே கேட்பவர் காலத்தோடு கேட்க வேண்டும்.

கேள்வி: கண்மாய்க் கரையில் ஒரு போன் கிடந்தால்? (வாசகர், கள்ளந்திரி)

எடுக்காமல் கிடந்த இடத்திலேயே விட்டு 100 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். ஆன் ஆகியிருந்தால் அணைக்கக் கூடாது: ஒருமுறை திறந்து பூட்டிய நிலையில் உள்ள போனில் கிடைக்கிற பலவும், அணைத்துத் திரும்ப ஆன் செய்த பிறகு பாஸ்கோடு இல்லாமல் கிடைக்காது. புதிய ஐபோன்கள் மூன்று நாள் யாரும் திறக்காவிட்டால் தானாகவே ரீஸ்டார்ட் ஆகி அந்த நிலைக்குப் போய்விடும். ஆண்ட்ராய்டிலும் இந்த வசதி வந்துவிட்டது. அணைந்திருந்தால் ஆன் செய்யாதீர்கள், நனைந்திருந்தால் சார்ஜ் போடாதீர்கள், சிம்மைக் கழற்றாதீர்கள். தண்ணீர் வந்துகொண்டிருந்து நகர்த்தியே ஆகவேண்டும் என்றால், கிடந்த இடத்தையும் போனையும் சேர்த்துப் படம் எடுத்துவிட்டு, ஓரத்தைப் பிடித்துத் தூக்கி ஒரு காகித உறையில் வையுங்கள். எடுத்த நேரத்தை உறையின் மேல் எழுதுங்கள்.