வெடிச் சத்தத்துக்குப் பயந்து வீட்டைவிட்டு வர மறுக்கும் மகன்

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு 12 வயது. பஸ் நேரமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கோயில் கொடைவிழாவில் வெடிச் சத்தம் கேட்டதிலிருந்து, வெளியே கிளம்பினாலே காதைப் பொத்திக்கொள்கிறான். காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்கும் போவதில்லை. பிடிவாதம் என்கிறார்கள் உறவினர்கள். மருந்து கொடுக்கலாமா?
– ஒரு தாய், தக்கலை

பதில்: பிடிவாதம் இல்லை அம்மா, பயம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்குப் பதற்றக் கோளாறு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பயத்தை வாயால் சொல்லத் தெரியாதபோது அது வயிற்றுவலியாக வெளிவரும். ஆனாலும் மலச்சிக்கல், காதுவலி, பள்ளியில் யாரேனும் சீண்டுவது ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுங்கள்.

சிகிச்சையில் முதலிடம், ஆட்டிசத்துக்கு ஏற்ப மாற்றிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு. பயத்தை வளர்க்கும் எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பழக்கிப் படிப்படியாக மாற்றும் முறை இது. பேச்சைக் குறைத்து, படங்களைக் கூட்டி, பெற்றோரையும் பிள்ளையின் விருப்பத்தையும் உள்ளே கொண்டுவருவார்கள். உங்கள் மகனுக்கு பஸ் வழித்தடத்தையே பயன்படுத்தலாம். ஒரு அட்டையில் தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம், வடசேரி என்று வரையுங்கள். ஒவ்வொரு நிறுத்தமும் பயிற்சியில் ஒரு படி. தக்கலையில், கைபேசியில் வெடிச் சத்தத்தை மிகக் குறைவாகக் கேட்பது. ஒலியைக் கூட்டுவதும் நிறுத்துவதும் அவன் கையில். வில்லுக்குறியில் சற்றுக் கூட்டுவது. இப்படியே நகர்ந்து, வடசேரியில் உங்களோடு கடைத்தெரு வரை நடந்து வருவது. ஒரு நிறுத்தத்தில் பயம் தணிந்த பிறகே அடுத்தது. இழுத்துக்கொண்டு போகாதீர்கள்; முழுதாக விலக்கியும் வைக்காதீர்கள், விலக விலகப் பயம் வளரும். பள்ளிக்கு அரை நாளாவது போகட்டும்.

சில பிள்ளைகளுக்குப் பெருஞ்சத்தம் உண்மையிலேயே வலிக்கும். திருவிழாவில் காதுக்கவசம் போடுவதில் தவறே இல்லை. வெடியை அவன் ரசிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மருந்து இரண்டாம் கட்டம். ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மனநல மருந்துகள் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பதற்றத்தைக் குறைக்கும் என்பதற்குச் சான்று குறைவு. சிலருக்குத் தூக்கமின்மையும் அமைதியின்மையும் கூடும். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மிகக் குறைந்த அளவில் தொடங்குவார். கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கவே கூடாது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். அவசரத்துக்கு டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது, இலவச எண் 14416. மருத்துவமனைக்குப் போகும்போது வகுப்பாசிரியரிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்கிச் செல்லுங்கள். பயத்தைப் பள்ளியில் அடக்கிவைத்து வீட்டில் வெடிக்கும் பிள்ளைகள் உண்டு, அது மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.