ராடு எத்தன கிலோ தம்பி?

கேள்வி: அண்ணே, அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஜிம்ல பெஞ்ச் பிரஸ் (பெஞ்சுல படுத்துட்டு ராட மேல தள்ளுறது) 60 கிலோ போட்டுட்டு இருந்தேன். வேற ஜிம் மாறினதும் 50 தான் ஏறுது, ரெண்டு மாசமா அதுலயே நிக்குது. போன்ல ஆப் வெச்சு எல்லாத்தையும் ஏத்துறேன், கலர் கலரா கிராஃப் வருது, எடை மட்டும் ஏறல. எழுதி என்ன பிரயோஜனம்?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: தம்பி, மொதல்ல அந்த 10 கிலோ பஞ்சாயத்த முடிச்சிடுவோம். பழைய ஜிம்ல பிளேட் மாட்டுற ராடு எத்தன கிலோனு யாரையாவது கேட்டியா? ஒலிம்பிக் ராடுன்னா ஆம்பளைங்களுக்கு 20 கிலோ, பொம்பளைங்களுக்கு 15, ஆனா சின்ன ஜிம்ல கிடக்குற மெல்லிசு ராடெல்லாம் பத்துகூட தேறாம இருக்கும், நாம பாட்டுக்கு 20னு கூட்டிட்டு இருப்போம். பலம் எங்கயும் போயிருக்காது, கணக்குதான் தப்பா இருந்திருக்கும். இப்ப இருக்குற ராட கையில பிடிச்சிட்டு எடை மெஷின்ல ஏறு, உன் எடைய கழி, வர்றத நோட்டு மொத பக்கத்துல எழுதிடு. டம்பெல்லா இருந்தா எழுதினது ஒரு கைக்கா ரெண்டு கைக்கும் சேத்தானும் போட்டு வை. கேபிள் மெஷின் எடைய ஜிம்முக்கு ஜிம் ஒப்பிடவே கூடாது, புல்லி மாறினா இழுக்குற கனமும் மாறிடும்.

இப்ப ரெண்டு மாச விஷயம். தினமும் ஏத்துறேங்குற, சரி, பெஞ்சுல படுக்குறதுக்கு முன்னாடி போன வாரத்தத் திறந்து பாத்தியா? மளிகைக்கடைக்காரர் கடன் நோட்ட எழுதி மட்டும் வெச்சுப் புரட்டவே இல்லன்னா வசூல் எங்கருந்து வரும்? எனக்கு அந்த கிராஃப் மேல பெரிய மரியாதை கிடையாது, நாப்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும். இப்படி எழுது:

“12/8 செவ்வாய். பெஞ்ச் 50, ராடோட சேத்து. 8, 8, 6. கடைசி செட்ல இன்னொண்ணு போயிருக்காது. ரெஸ்ட் 2 நிமிஷம். நைட் ஷிஃப்ட், தூக்கம் கம்மி.”

8, 8, 6ங்கறது மூணு செட்ல, அதாவது நடுவுல ரெஸ்ட் விட்டு மூணு சுத்துல, எத்தன தடவ தூக்கினேங்குறது. அடுத்த தடவ இத பாத்தாலே வேலை என்னனு தெரிஞ்சிடும், அந்த 6ஐ 7 ஆக்கணும், அவ்ளோதான். மூணு செட்டும் 8 வந்தப்புறம் எடைய ஏத்து. பல ஜிம்ல சின்ன பிளேட்டே 2.5 கிலோதான், ரெண்டு பக்கமும் மாட்டினா 5 கூடிடும், 50ல நிக்கிறவனுக்கு அது பத்து சதவீதம், ஒரே தாவுல எப்படிப் போகும்? ஒண்ணேகால் கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கி பையிலயே வெச்சுக்க. அப்புறம் 52.5ல 6 தான் வருதுன்னு பதறாத. ரெப்ப, அதாவது ஒரு செட்ல எத்தன தடவ தூக்கினேங்குற எண்ண, 30ஆல வகுத்து, ஒண்ணு கூட்டி, எடையால பெருக்கு, ஒரே ஒரு தடவ எவ்ளோ தூக்குவேன்னு தோராயமா வரும். 50க்கு 8 போட்டா 63.3, 52.5க்கு 6 போட்டா 63. ரெண்டும் ஒண்ணுதான். பத்து ரெப்புக்கு மேல போனா இந்தக் கணக்க நம்பாத.

கேள்வி: வீட்லயே டம்பெல் செய்யறேன். தினமும் எடை பாத்து எழுதறேன், ஒரே நாள்ல ஒரு கிலோ கூடிடுது. மனசே விட்டுப் போகுது சார்.
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: அக்கா, அது தண்ணி. சாயங்காலம் தட்டுவடை செட்டு ரெண்டு பிளேட் போனா உப்புக்கு உடம்பு தண்ணிய பிடிச்சு வைக்கும். காலைல எழுந்து பாத்ரூம் போய்ட்டு வந்து எடை பாருங்க, வாரக் கடைசில ஏழையும் கூட்டி ஏழால வகுத்த எண்ண மட்டும் போன வாரத்தோட ஒப்பிடுங்க.

கேள்வி: ஏற்காட்டுல எஸ்டேட் வேலை. காப்பி சீசன்ல மூட்டை தூக்குறேன், ஜிம்ல டெட்லிஃப்ட் (தரையில கிடக்குற ராட இடுப்பு வரைக்கும் தூக்குறது) எடை இறங்கிடுது அண்ணே. மூட்டையையும் நோட்டுல எழுதணுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கண்டிப்பா எழுது தம்பி! முதுகுக்கு மூட்டை எது ராடு எதுனு தெரியாது. எடை தெரியலன்னா எத்தன மூட்டைனு மட்டும் ஓரத்துல போடு, மேட்டுல ஏத்தினதா பள்ளத்துல இறக்கினதானும் ரெண்டு வார்த்தை. சீசன் முடியற வரைக்கும் டெட்லிஃப்ட்ல செட்ட பாதியாக் குறை, எடைய குறைக்காத. இருக்குற பலத்த காப்பாத்த அவ்ளோ வேலையே போதும், ஏத்துறத சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம்.