பீர் லேபிள் சேர்க்கும் மகளின் அம்மாவுக்கு

அம்மா, போன வாரம் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சுங்கை சிப்புட்டிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். பையிலிருந்து தடித்த கோப்பு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தீர்கள். வைத்த கையோடு அழுதும்விட்டீர்கள். "டீச்சர், எல்லாம் பீர் போத்தல் லேபிள். பொம்பளப் பிள்ளை இதைப் போய்ச் சேர்த்து வச்சிருக்கா. எங்க மாமனார் சம்சு சாராயம் குடிச்சே செத்தாரு." அன்று தண்ணீர் கொடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன். அது போதவில்லை. உங்கள் பெரிய அண்ணன் காட்டிய தனியார் மருத்துவக் கல்லூரிக்கு முன்பணம் கட்டப் போவதாக நேற்று போனில் சொன்னீர்கள். கட்டாதீர்கள். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன். வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் பணம். மலேசியாவில் தனியாரில் மருத்துவம் முடிக்க மூன்று லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகும். அதற்கு முந்தைய அடிப்படைப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தனி. தாமான் குடியிருப்பில் வாங்கிய வீட்டை அடகு வைப்பது, இ.பி.எஃப். சேமநிதியில் கை வைப்பது, மிச்சத்துக்குக் கடன் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். வீட்டுக்காரருக்கு இப்போது 52 வயது. செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார். மகள் படிப்பையும் இரண்டு வருடப் பயிற்சியையும் முடிக்கும்போது அவருக்கு 60 ஆகியிருக்கும். சரி, முடித்ததும் அரசாங்க வேலை காத்திருக்கிறதா? 2016 டிசம்பரிலிருந்து புது டாக்டர்களை ஒப்பந்த முறையில் எடுக்கத் தொடங்கினார்கள். நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலை 26 அன்று அந்த டாக்டர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். அண்ணன் இதைச் சொன்னாரா?

மருத்துவம் நல்ல படிப்புதான். அதில் ஆசை உள்ள பிள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் நானே போ என்பேன். உங்கள் மகளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். "பெரிய மாமா டாக்டர்னு சொல்றாரு டீச்சர்" என்றாள். என்னென்னவோ கேட்டுப் பார்த்தும் "எனக்கு" என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவேயில்லை.

கோப்பைத் திறந்த பிறகுதான் பேச்சு வந்தது. உள்ளே 63 லேபிள். பழைய சாமான் கடைக்கு வரும் காலிப் போத்தலை வாங்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, கிழியாமல் உரித்து, பேப்பருக்கு நடுவே வைத்துக் காயவைத்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலில் குறிப்பு. "இது ஊறவே இல்லை, தாள் இல்லை, பிளாஸ்டிக்." "இந்தத் தங்கம் மை இல்லை, தகடு அழுத்தியது." "பழுப்புப் போத்தல் மேல் இந்தப் பச்சை செத்துப்போகிறது." ஒரு பக்கத்தில் பார்கோடுகளை மட்டும் வட்டம் போட்டு, "ஏன் கோடெல்லாம் படுத்திருக்கிறது?" என்று எழுதியிருந்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஈப்போவில் அச்சகம் வைத்திருக்கும் என் பழைய மாணவரைக் கேட்டேன். போத்தல் உருண்டை. கோடுகளை நிற்கவைத்தால் ஓரத்துக் கோடுகள் வளைவுக்குள் போய்விடும், கடையில் ஸ்கேனர் திணறும். ஏணிப்படி மாதிரி படுக்கவைத்தால் எல்லாக் கோடும் முன்னால் நிற்கும். இதை விளக்கிவிட்டு, "அந்தப் பிள்ளையை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க டீச்சர்" என்றார்.

அடுத்து உங்கள் பயம். நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். சம்சு எத்தனை வீட்டைத் தின்றது என்று பார்த்து வளர்ந்தவள். அந்தப் பயம் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இவள் சேர்ப்பது காலிப் போத்தலின் மேல்தாள். 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக்கூடாது என்று 2017 டிசம்பர் 1 முதல் சட்டமே இருக்கிறது. அவளை பீர் ஆலைக்கு அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. இந்தத் தொழிலைக் கற்றால் இங்கே அவள் கைக்கு வரப்போவது பெரும்பாலும் சம்பல், மிளகாய்த்தூள், ஊறுகாய், தைலம், சவர்க்காரம் இவற்றின் லேபிள்தான். பீர் லேபிள் அவளுக்குப் பாடப்புத்தகம் மாதிரி. நல்ல பாடப்புத்தகம் என்றும் சொல்வேன்.

தோட்டத்து மளிகைக் கடையில் உங்கள் பாட்டி எப்படிச் சாமான் கேட்டார்? "சேவல் மார்க் குடு, யானை மார்க் குடு" என்றுதானே? வாசிக்கத் தெரியாதவருக்குப் படமே பெயர். பீரிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் வணிகச் சின்னப் பதிவேடு 1876 ஜனவரி 1 அன்று திறந்தபோது முதல் எண்ணில் பதிவானது பாஸ் பீரின் சிவப்பு முக்கோணம். 1882இல் பிரெஞ்சு ஓவியர் மானே வரைந்த பாரிஸ் மதுக்கூட ஓவியத்தில், மேடை மேல் இருக்கும் போத்தலில் அந்த முக்கோணத்தைப் பார்த்தவுடன் எந்த பீர் என்று சொல்லிவிடலாம்.

இப்போது கிராஃப்ட் பீர் என்று சிறு ஆலைகள் கொஞ்சம் கொஞ்சமாக வடித்து விற்கின்றன. பெரிய கம்பெனி மாதிரி விளம்பரத்துக்குக் கொட்ட அவர்களிடம் பணம் இல்லை. குளிர்பெட்டியில் வரிசையாக நிற்கும் போத்தல்களில் ஒன்றை நோக்கிக் கை போவதற்கு லேபிள் மட்டுமே காரணம். முன்பெல்லாம் புதுப் படம் போட வேண்டுமானால் புதிதாக அச்சுத்தகடு செய்யவேண்டும், ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். டிஜிட்டல் அச்சு வந்தபின் தகடே வேண்டாம், சில நூறு லேபிள்கூட அடிக்கலாம். அதனால் ஒவ்வொரு பீருக்கும் தனிப் படம் போட முடிந்தது, படம் வரைகிறவருக்கும் ஆலையில் ஓர் இடம் வந்தது. சுவீடனில் ஆம்னிபோலோ என்ற பீரைத் தொடங்கிய இருவரில் ஒருவரான கார்ல் கிராண்டின் ஓவியர். அவருடைய லேபிள்கள் பலவற்றில் முன்பக்கம் எழுத்தே கிடையாது. உங்கள் பாட்டியின் சேவல் மார்க்தான் அது. லண்டன் பீவர்டவுன் போத்தல்களில் மண்டையோடு வரைந்த நிக் டுவையர், அந்த ஆலை பிறந்த உணவகத்தில் மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோனவர். நியூயார்க்கின் புரூக்ளின் ஆலைக்குச் சின்னம் வரைந்த மில்டன் கிளேசர், கூலிக்குப் பதிலாகக் கம்பெனியில் பங்கு வாங்கிக்கொண்டார். எல்லாருக்கும் அப்படி அமையாது, உங்கள் மகளுக்கு அமையும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். இப்படி ஒரு தொழில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

வெறும் படம் வரைகிற வேலையும் இல்லை இது. ஐஸ் தண்ணீரில் கிடந்தால் சாதாரணத் தாள் ஊறிச் சுருங்கும், அதற்கென்று ஈரம் தாங்கும் தாள் இருக்கிறது. முன்னால் நிற்பவர் கண்ணுக்கு லேபிளின் நடுப்பகுதிதான் தெரியும், முக்கியமானதை அங்கே கொண்டுவர வேண்டும். வெட்டும்போது கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் நிறத்தைக் கூடுதலாக விடுவார்கள். சிவப்பில் பார்கோடு அச்சிட்டால் ஸ்கேனர் படிக்காது, அதன் ஒளியே சிவப்பு. அப்புறம், ஊர் மனம் தெரிந்திருக்க வேண்டும். 2021இல் நம் நாட்டில் தயாராகும் தீமா என்ற விஸ்கியின் பெயரும், அதில் இருந்த தாடிக்காரர் படமும் முஸ்லிம்களைச் சீண்டுவதாகச் சிலர் சொல்ல, நாடே பேசியது. அந்தப் பெயருக்கு ஈயம் என்று பொருள், படத்தில் இருப்பவர் நம் பேராக்கின் லாருட்டில் இருந்த ஆங்கிலேய அதிகாரி கேப்டன் ஸ்பீடி. இத்தனை சொன்ன பிறகும் அமைச்சர்கள்வரை போய்த்தான் அந்த விஷயம் தீர்ந்தது. மூன்று இனமும் ஒரே கடையில் சாமான் வாங்கும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு, எந்தப் படம் யாரைக் குத்தும் என்பது ஓரளவு தானாகவே தெரியும்.

எங்கே படிப்பது? மற்ற வழிகளைப் பக்கத்து வீட்டிலேயே சொல்வார்கள், நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாசீர் கூடாங்கில் இருக்கும் இப்ராஹிம் சுல்தான் போலிடெக்னிக்கில் வரைகலை வடிவமைப்பு டிப்ளோமா இருக்கிறது. ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவோடு, யு.பி.யு. என்ற அரசாங்க விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்கலாம். போலிடெக்னிக்கில் ஒரு பருவத்துக்குக் கட்டணம் 200 வெள்ளிதான். ஜொகூர்வரை போகவேண்டும், விடுதிச் செலவும் பஸ் காசும் உண்டு. அதையெல்லாம் சேர்த்தாலும் வீட்டுப் பத்திரம் அலமாரியிலேயே இருக்கும். டிப்ளோமாவுக்குப் பிறகு பட்டம் வேண்டுமென்றால் பினாங்கு யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளிக்கு முயலலாம். முதல் வேலையில் சம்பளம் பெரிதாக இருக்காது, இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சம்பளம் கடனுக்குப் போகாது, அவள் கையில் நிற்கும்.

அண்ணனிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். பொறுப்பை என் மேல் போடுங்கள், டீச்சர் வேண்டாமென்றார் என்று சொல்லுங்கள். கோபப்பட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடப்போவதில்லை. முடிவு அவருடையதாக இருக்கக்கூடாது.

முடிவு வரும்வரை மகள் சும்மா இருக்கவேண்டாம். உங்கள் நாத்தனார் மாங்காய் ஊறுகாய் போட்டுப் பழைய போத்தலில் விற்பதாகச் சொன்னீர்களே, அதற்கு ஒரு லேபிள் செய்யச் சொல்லுங்கள். என்னென்ன சேர்த்தது, எவ்வளவு எடை, எந்தத் தேதிவரை வைக்கலாம் எல்லாம் அதில் வரவேண்டும். எண்ணெய்க் கையோடு தொட்டாலும் எழுத்து கலங்கக்கூடாது. ஒட்டிய போத்தலை ஒரு ராத்திரி ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்க்கட்டும். தோற்றால் தோற்கட்டும், எங்கே தோற்றது என்று அவளே பென்சிலில் எழுதுவாள்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஈப்போ அச்சகத்தில் நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் வாருங்கள், இயந்திரம் ஓடும்போது அவள் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஊறுகாய்ப் போத்தலையும் அந்தக் கோப்பையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.