லாரி கேபினுக்குள் சைலன்சர் புகை வருகிறது, ஏசி ஃபில்டரை மாற்றினால் போதுமா?

போதாது. ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனையும் கிடையாது, அது ஃபில்டரில் நிற்பதும் கிடையாது. முகத்தில் போடும் மாஸ்க்கும் அதற்கு உதவாது.

கேள்வியோடு "இறங்கி டீ குடித்தால் தலைவலி போய்விடுகிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதில். தலைவலி குறைவது டீயால் இல்லை, வெளிக்காற்றால். நானும் டீயால் போகிறது என்று நம்பி மூன்று மாதம் ஓட்டியவன். கண் டாக்டரிடம் போய் 2,200 ரூபாய்க்குக் கண்ணாடி வேறு போட்டுக்கொண்டேன்.

என்னுடையது பன்னிரண்டு சக்கர வண்டி. நாமக்கல்லில் கட்டிய கேபின், எஞ்சினை மூடும் போனட் டிரைவர் பக்கத்திலேயே இருக்கும் பழைய மாடல். ஒரு டிசம்பரில் சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாக்பூர் கிளம்பினோம். தெலங்கானாவில் நிர்மல் ஊரைத் தாண்டியதும் நல்ல குளிர். இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டோம். கிளீனர் பையன் போனட்டை ஒட்டித் தலை வைத்துத் தூங்கினான், சூடு இதமாக இருக்குமாம். விடியற்காலை எழுப்பினால் எழவில்லை. உலுக்கி எழுப்பியதும் கதவைத் திறந்து வாந்தி. இறங்கினால் தள்ளாடுகிறான். எனக்கு வந்ததே கோபம்.

"எந்த தாபாவுலடா வாங்கி ஊத்துனே?"

"இல்லீங்கண்ணா, சத்தியமா தொடலீங்கண்ணா."

வாயை ஊதச் சொன்னேன். ஊதினான். வாடையே இல்லை. அப்போதும் நம்பாமல் வேறு ஏதோ போட்டிருக்கிறான் என்று நாக்பூர் போய்ச் சேரும் வரை திட்டினேன். அவனுக்குத் தலைவலி சாயங்காலம் வரை விடவில்லை. அவன் இழுத்தது கார்பன் மோனாக்சைடு; அது ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும், நல்ல காற்றில் இருந்தாலும் பாதி இறங்கவே 4, 5 மணி நேரம் ஆகும் என்பதெல்லாம் அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

நாக்பூரில் சரக்கு இறக்காமல் இரண்டு நாள் போட்டுவிட்டார்கள். நாம் அரை நாள் லேட்டாகப் போனால் வாடகையில் பிடிப்பார்கள், அவர்கள் நிறுத்திவைத்தால் காத்திருந்த நாளுக்கான ஹால்டிங் காசுக்கு புரோக்கர் போனையே எடுப்பதில்லை. இறக்குகூலியும் வண்டிக்காரன் தலையில். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த இரண்டு நாளில் நடந்த ஒரே நல்லது, எஞ்சின் சுத்தமாக ஆறிப்போனது. மூன்றாம் நாள் ஸ்டார்ட் செய்ததும் போனட்டுக்கு அடியில் "டிஸ்க் டிஸ்க்" என்று ஒரு சத்தம். புகை கசியும் சத்தம் அது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. இரும்பு சூடேறி விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. ஏற்றத்தில் லோடு இழுக்கும்போது மறுபடி கக்கும். சூட்டோடு பட்டறைக்கு ஓட்டிப் போனால் மெக்கானிக் "ஒண்ணுமில்லீங்க" என்று அனுப்பிவிடுவது இதனால்தான். ராத்திரியே வண்டியை விட்டுவிட்டு, காலையில் அவரையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சோப்புத் தண்ணீர் அடித்தால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும்.

முதல் பட்டறையில் பேஸ்ட் பூசி அனுப்பினார்கள், பத்து நாள் தாங்கியது. இன்னொருவர், எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்ட் குழாயையே இறக்கினார். டர்போ பக்கத்தில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கட் அரித்துப்போய், அதை இறுக்கும் ஸ்டட் போல்ட் ஒன்று முறிந்து, சுற்றிலும் கரி விசிறி மாதிரி படிந்திருந்தது. லேத்தில் முகப்பைச் சமப்படுத்தும் ஃபேஸிங், புது கேஸ்கட், ஸ்டட், கூலி எல்லாம் சேர்த்து 3,600 ரூபாய்.

அப்புறம்தான் கேபின் ஓட்டைகள். ராத்திரி உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, கீழிருந்து ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். எனக்கு கியர் ராடு ரப்பர் கிழிசலிலும் போனட் ஓரத்து ரப்பர் பீடிங்கிலும் வெளிச்சம் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரிந்தது. கசிவை விட்டுவிட்டு இதை மட்டும் அடைத்துப் பிரயோஜனமில்லை.

டீசலில் கார்பன் மோனாக்சைடு குறைவு என்று யாராவது வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள். பெட்ரோலைவிடக் குறைவுதான், நான் மறுக்கவில்லை. மூடிய கேபினில் ராத்திரி முழுக்க மூச்சு இழுத்தால் குறைவும் சேரும். டீசல் புகை புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே 2012இல் சொல்லிவிட்டது. நான் மெக்கானிக் இல்லை, என் வண்டியில் பார்த்ததைச் சொல்கிறேன். புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த புது பிஎஸ்6 வண்டியென்றால் சைலன்சரில் சென்சர்கள் இருக்கும், ரோட்டோரப் பட்டறையில் கை வைக்க விடாதீர்கள்.

சரி செய்யும் வரை வண்டியை நிறுத்தி வைப்பதுதான் நல்லது. பட்டறைக்கு ஓட்டியே தீர வேண்டுமென்றால் இரண்டு கண்ணாடியையும் முழுக்க இறக்குங்கள். எஞ்சினை ஓடவிட்டு உள்ளே தூங்கவே கூடாது. யாருக்காவது மயக்கமோ வாந்தியோ வந்தால் எஞ்சினை அணைத்து வெளியே கொண்டுவந்து 108க்கு அடியுங்கள். புகை இழுத்தது என்று மறக்காமல் சொல்லுங்கள், ஆக்சிஜன் வைப்பார்கள்.

அந்தப் பையன் இப்போது லைசென்ஸ் எடுத்து வேறு வண்டி ஓட்டுகிறான். ஆயுத பூஜைக்குப் பார்த்தேன். பொரியைக் கையில் கொடுத்துவிட்டு, "வாய ஊதிக் காட்டட்டுங்களாண்ணா?" என்றான்.